சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். உதட்டில் தையல், அவ்வளவுதான். பயப்படாதே.

ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் தரும் கருவி ஓர் அறையில் இருக்கிறது. அடுத்த அறைக் கணினியிலிருந்து நான் கட்டளை அனுப்பினால் வோல்டேஜ் ஏறும். கருவியோடு இருப்பவன், மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் என் கூட்டாளி. நான் சுவரைத் தட்டுவேன். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் திருப்பித் தட்டுவான். பிறகுதான் கட்டளை.

அடிபட்ட அன்றும் தட்டினேன். பதில் வந்தது. அனுப்பினேன். அவனோ இறுகிப்போன ஒரு திருகாணியைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். பாதி மாட்டியிருந்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வெடித்து, அதன் மூடி அவன் கன்னத்தைக் கிழித்தது. கருவியின் பொத்தானைக் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறான். கருவி என் கணினியின் கட்டளையில் இருக்கும்போது அந்தப் பொத்தான்கள் வேலை செய்யாது. நான் அணைத்துவிட்டு எழுவதற்குள் அவனே வந்துவிட்டான்.

"கொன்னுருப்பியேடா, பாவி!" முகத்தில் குத்தினான்.

"நீதானேடா தட்டுன!" என்றேன். வாயெல்லாம் ரத்தம்.

"அது சுத்தியல்டா, முண்டம்!" மறுபடியும் குத்தினான்.

அவன் கண் தப்பியது. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டான். இங்கே நான் வாய்விட்டுப் பேச இருந்தது அவன் ஒருவன்தான்.

அடர்ந்த நிறத்தில் இரண்டு சட்டை அனுப்பு. வெள்ளைச் சட்டையில் கறை போகவில்லை.

இன்று காலை சுவரைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து ஒரு தட்டு கேட்டது. கட்டளை அனுப்பவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி, என்னை முறைத்துக்கொண்டு நின்றான்.

இதோ, அவனே தட்டுகிறான். போகிறேன் அம்மா.

உன் மகன்