பொறுப்பேற்பவர் கையொப்பம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று உன் அலுவலகத்திலிருந்து வந்த வாழ்த்து அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அச்சடித்த கையெழுத்தானாலும் உன்னுடையதுதானே. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போன் லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருக்கிறது, மேசைக்குப் பக்கத்தில் அப்பா இருக்கிறார். அதனால் கடிதம்.

உங்கள் நிறுவனத்தின் இளைஞர் தலைமைத்துவ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் நீ போன அதே ஓராண்டுப் படிப்பு, அங்கேயே தங்கிப் படிப்பது. வயது இருபத்திரண்டுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு இதுதான் கடைசி வருடம். நீ படிப்பு முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, தேதி ஞாபகம் வந்தது, சொன்னேன்.

"நெருக்கடியில் பிறரை வழிநடத்திய அனுபவம்" பற்றிக் கட்டுரை கேட்கிறார்கள். மழையில் பஸ் பழுதாகி, அதிலிருந்த மொத்தப் பேரும் நம் லாட்ஜுக்குள் நுழைந்த மத்தியானத்தை எழுதியிருக்கிறேன். நம்மிடம் இருப்பது எட்டு அறை. கைக்குழந்தைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் அறை, மற்றவர்களுக்கு வராந்தா, ஓயாமல் கத்தியவருக்கு மோட்டார் ரூம். கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

துணி துவைக்கிற அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "லீடரம்மா, ஏழாம் நம்பர்ல பக்கெட் உடைஞ்சு கெடக்கு, வந்து வழிநடத்துங்க" என்கிறாள்.

அன்புடன்,
வாலு

*

பிப்ரவரி 15

அன்புத் தங்கை வாலுவுக்கு,

உன் கட்டுரை மனதைத் தொட்டது. சில திருத்தங்கள் மட்டும். "ஈரப் பாய்களை உதறிப் போட்டேன்" என்று எழுதாதே. "இருக்கும் வளங்களை ஒருங்கிணைத்தேன்" என்று எழுது. "கத்தியவரை மோட்டார் ரூமில் உட்கார வைத்தேன்" என்பதை "மாற்றுக் கருத்துக்கு உரிய இடமளித்தேன்" என்று மாற்று. அப்பாவின் பக்கவாதத்துக்கு ஒரு வரி போதும், அதற்கு மேல் போனால் அனுதாபம் தேடுவதாகிவிடும். என்னைப் பற்றிய பத்தி தேவையில்லை.

நீ இங்கே வந்தால் என்னைவிட யார் சந்தோஷப்படப் போகிறார்கள்? தேர்வுக் குழுவில் நான் இல்லை. விதிமுறைகளை எழுதுவது மட்டும்தான் என் வேலை. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

பாசமுள்ள
அண்ணன்

*

மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேர்வாகிவிட்டேன்.

நேர்காணலில் குழுத்தலைவி அம்மாள், "உன் கனவு என்னம்மா?" என்றார். "ஏதாவது ஒரு லாட்ஜ்ல ஒரு ராத்திரி தங்கிட்டு, காலையில போர்வைய மடிக்காம கிளம்பணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதை எழுதியும் கொண்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. "பொறுப்பேற்பவர் கையொப்பம்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். நான் படிக்கிற ஒரு வருடமும் வீட்டில் இருந்து என் பொறுப்புகளைப் பார்த்துக்கொள்ள, வயது வந்த உறவினர் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாதான் அந்தப் பொறுப்பே. அவரை விட்டால், அம்மா போன பிறகு நமக்கு உறவினர் என்று இருப்பது நீயும் நானும்தான். என் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாதாம். ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

அப்பாவிடம் சொன்னேன். பாதி வாயால் பேசினாலும் இது தெளிவாகவே வந்தது: "அவன் வந்துடுவான்மா. நீ பெட்டியக் கட்டு." அன்றைக்கே இடது கையால் சவரமும் செய்துகொண்டார். மூன்று இடத்தில் வெட்டு.

எப்போது வருகிறாய்?

வாலு

*

ஏப்ரல் 6

அன்புத் தங்கை வாலுவுக்கு,

பெருமையாக இருக்கிறது. அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ குறிப்பிட்ட அந்த விதி நான் எழுதியது. முந்தைய வருடங்களில் சிலர் வீட்டுக் கவலையால் பாதியில் கிளம்பிவிட்டார்கள். அது நடக்காமலிருக்கத்தான் இப்படி ஓர் ஏற்பாடு. அதன் வாசகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு நீ கிளம்பலாமே என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், "உறவினர்" என்று நானே போட்டிருக்கிறேன்.

ஜூலையில் புதிய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நான்தான் பொறுப்பு, விட்டுவிட்டு வர முடியாது. வராமலேயே கையெழுத்துப் போடலாம் என்று உனக்குத் தோன்றலாம். அது பொய்யாகிவிடும். நேர்மைதான் எங்கள் பாடத்திட்டத்தில் முதல் அத்தியாயம். நல்ல தலைவர் சூழ்நிலையைக் குறை சொல்ல மாட்டார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாசமுள்ள
அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணா,

வராமல் கையெழுத்துப் போட்டால் பொய். சரி. வந்து போட்டால் உண்மைதானே? அதைப் பற்றி உன் கடிதத்தில் யோசித்ததாகவே தெரியவில்லை.

ஒரே ஒரு வருடம். லாட்ஜ் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, துணி துவைக்கிற அக்கா சொல்லிக்கொடுப்பாள், திட்டிக்கொண்டே. அப்பாவுக்குத் தினமும் வலது கையை நீட்டி மடக்கிவிட வேண்டும். நான் செய்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். நீ செய்தால் பேசுவார் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் விட்டால் எனக்கு வேறு வருடம் கிடையாது. முப்பதாம் தேதிக்குள் பதில் போடு. போனில் சொன்னாலும் சரி. அப்பா கேட்டாலும் பரவாயில்லை.

வாலு

*

ஜூலை 9

அன்புத் தங்கை வாலுவுக்கு,

நலமா? வேலைப் பளுவில் உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

ஒரு நல்ல செய்தி. குழுத்தலைவி அம்மாள் உன்னை இன்னும் மறக்கவில்லை. உன் கட்டுரையை, நம் திருத்தங்களுடன், இந்த வருட மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார். பெயர் போடவில்லை, அது எங்கள் விதி. அதோடு, "அடிமட்டத் தலைமை" என்ற களப்பயணத்துக்கு நம் லாட்ஜையே தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, 12 இரண்டு நாள். பன்னிரண்டு மாணவர்களும் நானும் வருகிறோம். எல்லா அறைகளும் வேண்டியிருக்கும். "வாய்ப்பில்லாத இடத்தில் தலைவராக இருப்பது எப்படி" என்று நீ ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைகளுக்கு உதவும். வாடகையில் ஏதாவது குறைத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் பிரிவில் கேட்கச் சொன்னார்கள். நம் லாட்ஜ்தானே. அப்பாவையும் அப்படியே பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பாசமுள்ள
அண்ணன்

*

ஜூலை 17

ஐயா,

தங்கள் ஜூலை 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

தாங்கள் கேட்ட இரு நாட்களுக்கும் எட்டு அறைகள் தங்கள் குழுவுக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. பாதி வாடகை முன்பணமாக வந்து சேர்ந்ததும் உறுதிசெய்யப்படும். உறவினர் என்ற முறையில் சலுகை அளிக்கும் வழக்கம் இங்கு இல்லை.

ஒரு மணி நேர உரைக்கு இயலாது. அந்த நேரத்தில் அறைகளைப் பெருக்கித் துடைக்க வேண்டியிருக்கும். மாணவர்கள் விரும்பினால் நின்று பார்க்கலாம், வழியை மறிக்காமல் இருந்தால் போதும்.

முதலாளி உடல்நலமில்லாதவர். அவரை மாலையில் சந்திக்கலாம். தங்கள் வருகையை அவரிடம் தெரிவிக்கவில்லை. வருவதாகச் சொன்னவர்கள் வராமல் போனால் அவரைத் தேற்றுவதற்கு இங்கே ஓர் ஆள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மேலாளர்