அப்பருக்கு அர்த்தம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பாப்பாவுக்குச் சளி. நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்கிறேன். "சும்மா இரு, நீயே அவளுக்கு நோவு வரவெச்சிடுவ" என்கிறார் இவர்.

நாட்டுப்புறப் பாட்டு பாடுகிற தினகரன் அண்ணாவின் ஆல்பம் வருகிறதாம். கொஞ்சம் புதுப் பாட்டு, மீதி பழையது, மறுபடி பதிவு செய்தது. பழையதில் முதல் பாட்டு என்னுடையது. காலேஜில் படிக்கும்போது அம்மாவை நினைத்து அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். ஷூவின் மேல்தோலுக்கு இங்கே அதுதான் பேர்.

அப்பரையே பாத்துப் பாத்து
அந்திப் பொழுதும் தெரியலியே

போஸ்டரில் 'பாடல், இசை: தினகரன்'. என் பேர் எங்கேயும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

சளி கம்மி. கஞ்சி பாதி கிண்ணம்.

அண்ணாவுக்குப் போன் செய்து என் பேரைப் போடச் சொன்னேன். சிரிக்கிறார். "நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏது தாயி பேரு? அது மக்கள் சொத்து." அப்போ அவர் பேர் மட்டும் எதற்கு?

போனை வைக்கும் முன் அவர்: "ஆமா, அதுல அப்பர் அப்பர்னு வருதே, என்னது? பாட்டுக்குப் பாட்டு வெளக்கம் கேக்குறாய்ங்க."

இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பாடியவர்! மதுரைக்காரர்தான், சரி. ஒரு நாள் கேட்டிருக்கலாமே.

"அப்பாண்ணா. எங்க ஊர்ல மரியாதையா அப்படித்தான் சொல்லுவோம்."

சொன்னது பொய். ஆனால் சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

யூடியூபில் அண்ணாவின் பேட்டி. "எங்கப்பாவ நெனச்சு அழுதுக்கிட்டே எழுதுன பாட்டு." கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். பாவி.

கமெண்டில் யாராவது நிஜ அர்த்தத்தைச் சொல்லிவிட்டால்? நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன். ஆம்பூரில் ஆல்பம் வெளியிடுகிற விழா வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது, சாமி.

வாங்க: ஓமம், டயப்பர், இவருக்கு பிளேடு.

ஜூன் 22, ஞாயிறு

மழை வருவது போல் வந்து ஏமாற்றியது. கல்யாண மண்டபத்தில் ஆல்பம் வெளியீடு. அம்மாவிடம் சொல்லி அவளோடு தையல் லைனில் வேலை செய்கிற பெண்களையெல்லாம் வரவழைத்திருந்தேன். பாப்பா என் இடுப்பில்.

அவர் மைக்கில், குரல் தழுதழுக்க: "அப்பர்னா இந்த மண்ணுல அப்பா..."

ஷாகிரா அக்கா, அம்மாவுக்கு அடுத்த மெஷின், சத்தமாக: "இன்னாது, அப்பாவா? அப்போ தெனம் எத்தினி அப்பாவ மெஷின்ல குடுத்து தெக்கிறேன்!"

பின்னாலிருந்து இன்னொருத்தி: "எடது கால் அப்பாவா, வலது கால் அப்பாவாக்கா?"

மண்டபமே குலுங்கியது. அவர் முகம் செத்துப்போயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "அது ஷூ அப்பருப்பா. என் பொண்ணு எனக்கு எழுதுன பாட்டு."

லைன் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டாள்.

இப்போது அவரிடமிருந்து மெசேஜ்: 'பேர் போட்டுர்றேன் தாயி. வீடியோவ அழிக்கச் சொல்லு.'

'முதல்ல பேரு' என்று அனுப்பினேன்.

சிரிப்பு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. இன்னொரு தரம் போட்டுப் பார்க்கிறேன்.