சொல்லாமல் விட்ட பாட்டு

நேற்று மகன் வேலையிலிருந்து வந்து சட்டைப் பையிலிருந்ததை மேசையில் கொட்டினான். சில்லறை, பேனா, அவற்றோடு ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று இரண்டு காது அடைப்பான்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். "இது இல்லாம உள்ளயே வுட மாட்டாங்கப்பா" என்றான். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். அது மெல்ல மெல்லப் பழையபடி உப்பியது. உன் ஞாபகம் வந்துவிட்டதடா.

நமக்கு யாரும் இதைத் தரவில்லை. திருவொற்றியூர் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். உன்னை, பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி மெஷினில் அடிக்கும் கொட்டகைக்கு. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவேன். நீ எண்ணெய் துடைக்கிற பஞ்சைச் சுருட்டிக் காதில் திணித்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே நின்றாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊரே கேசட்டை விட்டு சிடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நாம் இசைத்தட்டுக்கு வந்து சேர்ந்தோம். ராயபுரத்துக் காயலான் கடையில், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போன ஏதோ ஒரு வீட்டுச் சாமான்களோடு ஒரு பிளேயரும் கொஞ்சம் தட்டுகளும் கிடந்தன. உன் வீடு ஒற்றை அறை, உள்ளே இரண்டு குழந்தைகள். அதனால் பிளேயர் என் வீட்டுக்கு வந்தது. உறை இல்லாத ஒரு தட்டை சினிமாப் பாட்டு என்று நினைத்துப் போட்டோம். கிடாரும் டிரம்மும் அலறிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் ஒரு சாக்ஸபோன் தன்பாட்டுக்கு நுழைந்தது. நீ எழுந்தே நின்றுவிட்டாய்.

"மாமு, இன்னா இது? நாலு பேரு சண்ட போட்டுகினு இருக்க சொல்ல, ஒருத்தன் வந்து சமாதானம் பேசறான்!"

ஜாஸ் கலந்த ராக் இசை அது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வகைத் தட்டுகளையே தேடித் திரிந்தோம். கடையில் நீ ஒவ்வொரு தட்டையும் வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவாய். நான் முள்ளை வைப்பேன். எந்த இடத்தில் எந்த வாத்தியம் வருகிறது, எங்கே தாளம் காலை வாரிவிடுகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். வாரம் முழுக்கக் கேட்டிருப்பேன் இல்லையா, அந்தப் பெருமை. நீ தலையாட்டுவாய். "செம்மயா கீது மாமு" என்பாய். சில வருடங்களில் உன் பேச்சு குறைந்துபோனது. ரசனை முற்றிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு உனக்கு டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தவழ்ந்துகொண்டிருந்த என் மகன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நீ அதையே பார்த்தபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "இந்த எடம் செம்மயா கீது" என்றாய்.

டீயை உன் கையில் கொடுத்தேன். குனிந்து ஒயரைச் சொருகினேன்.

மறுநாள் நீ ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி செல்வி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உங்குளுக்கு இன்னுமா தெரில? ரெண்டு காதும் போயிட்ச்சிண்ணா. கம்பெனி டாக்டரு வயசுன்னுட்டாரு. நான் கத்தி சொன்னாக்கூட வாயப் பாத்துதான் புரிஞ்சிக்கிறாரு. உங்களாண்ட சொல்லவே கூடாதுன்னாரு."

"ஏன்?"

"சொன்னா நீங்க தட்டு போட மாட்டீங்களாம்."

அன்று மாலை ஷிப்டு முடிந்ததும் உன்னைக் கடலோரம் கொட்டியிருக்கும் பாறைக் கற்களுக்குக் கூட்டிப்போனேன். எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி கேட்டேன்: "என்கிட்ட ஏன்டா மறைச்ச?"

நீ சிரித்தாய். "பாட்டு கேக்க சொல்ல உன் மூஞ்சிய நீ பாத்ததில்லயே மாமு. அந்தாளு சாக்ஸ எடுத்தா உன் புருவம் ஏறும். அது போதும் எனுக்கு. நீ பாட்டுக்கு போடு."

போட்டேன். ஆனால் அதன் பிறகு எந்த ஞாயிறும் பழையபடி இல்லை. நீ ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்ப யாரு?" என்று கேட்பாய். நான் "சாக்ஸ்" என்பேன், "பேஸ் கிடார்" என்பேன். மேற்கொண்டு வார்த்தை வராது. சில சமயம் இசையில் என்னை மறந்து கண்ணை மூடிவிடுவேன். திறந்தால், நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்டவன் போலக் கூசிப்போவேன். என் கையெழுத்து மோசமாக இருந்திருந்தால் அந்தக் கொட்டகையில் நின்றிருக்க வேண்டியவன் நான். இதை ஒருமுறை உன்னிடமே சொன்னேன். "லூசு மாதிரி பேசாத" என்று முதுகில் தட்டினாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு வரிசைக் கட்டில் போட்ட வார்டில் கிடந்தாய். கண்ணெல்லாம் மஞ்சள். செல்வி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிப்போன சாத்துக்குடியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, "மாமு, எதுனா ஒரு பாட்டு சொல்லேன்" என்றாய்.

பக்கத்துக் கட்டில்காரர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு தெரிய, கை கால் ஆட்டி, அத்தனை பேருக்கு நடுவில் ஒரு பாட்டை எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. "நாளைக்கு வந்து சொல்றேன்டா" என்றேன். நீ சரியென்று தலையாட்டினாய். மறுநாள் நான் போவதற்குள் கட்டில் காலியாகியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு செல்வி குழந்தைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். "அந்தத் தட்டு ஒண்ணு போடுங்கண்ணா, இன்னான்னுதான் பாக்கறேன்" என்றாள். போட்டேன். ஒரு பக்கம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"ஒண்ணும் புரிலண்ணா. இதுக்கா ரெண்டு பேரும் அப்டி உக்காந்துகினு கெடந்தீங்க?" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வந்தா நீங்க சொன்னத அப்டியே எனுக்கு சொல்லுவாரு. இங்க ஒருத்தன் ஊதுறான், இங்க ஒருத்தன் கோச்சிகினு எய்ந்து போறான்னு கையால ஆடிக் காட்டுவாரு. புள்ளைங்க வுயுந்து வுயுந்து சிரிக்கும்."

எனக்கு அது தெரியாது. நீ சொல்லவே இல்லை.

தட்டுகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. கேட்கிறேன். எனக்கு இந்த வயதிலும் காது கூர்மைதான். சமையலறையில் பால் பொங்குவதுகூடக் கேட்கிறது. என்னமாய் ரசிக்கிறார் என்கிறார்கள் வீட்டில். நீ கேட்ட அந்தப் பாட்டை மட்டும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். வார்டில் எதைச் சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்க்கிறேன். இன்றுவரை என்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் நீ "செம்மயா கீது" என்றுதான் சொல்லியிருப்பாய்.