எருமைக்குக் கடைசி இடம்

போர்ட் பிளேரில் வாப்பாவின் கடைக்கு மெயின்லேண்டிலிருந்து ஸ்கூல் பைகள் வந்திருந்தன. சனிக்கிழமை எனக்கு லீவு என்பதால் பெட்டிகளைப் பிரிக்கப் போயிருந்தேன். கத்தியால் டேப்பைக் கிழித்ததும் புது ரெக்சின் வாடை முகத்தில் அடித்தது. மேலே கிடந்த பையை எடுத்து உதறினேன். அதில் அந்த எருமை. கழுத்தில் சாவிக்கொத்துடன், கண்ணை உருட்டிக்கொண்டு, நாம் படத்தில் பார்த்த மாதிரியே நின்றுகொண்டு.

"என்ன புள்ள, பேயைக் கண்ட மாதிரி நிக்கிற?" என்றார் வாப்பா.

ஒன்றுமில்லை என்றேன். வாப்பாவிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் பயந்து தள்ளிப்போட்டேன். எழுத ஆரம்பித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எழுதியாக வேண்டும் என்பதுதான் காரணம்.

கார் நிக்கோபார் தீவில் நமக்குக் கிடைத்த அந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நான் அலுவலகத்தில் கிளார்க். இருவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இருவருக்கும் போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் கப்பல் வராது, நெட் இழுக்காது. யாரோ கொடுத்த பென் டிரைவில் ஒரே ஒரு படம் இருந்தது. ஏதோ வீடியோ கேமை வைத்து எடுத்த கார்ட்டூன் படம், இந்தி டப்பிங். முதல் தடவை பார்த்தபோது சின்னப் பிள்ளைகள் படம் என்று சிரித்தோம். ஒன்பதாம் தடவை பார்த்தபோது சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

வானத்தில் மிதக்கும் தீவுகள், கீழேயிருந்து ஏறிவரும் கறுப்புத் தண்ணீர். தீவுகளைக் காப்பாற்றப் புறப்படும் பட்டம் விடும் பெண். எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றும் தவளை. பொய் சொல்லவே தெரியாத இரும்புக் குருவி. தீவுகளின் வெளிச்சத்தைத் திருடும் கண்ணாடி ராஜா. அப்புறம், பறவைக் குஞ்சுகள் தங்கியிருக்கும் கோட்டையின் கதவைக் காக்கும் எருமை. மலை மாதிரி உடம்பு. தண்ணீர் ஏறுவதைக் கண்டதும் கதவுக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிடும். கடைசியில் திரும்பி வந்து கொம்பால் கதவைத் தாங்கும். எல்லோரும் கட்டிக்கொள்வார்கள்.

"இவங்கள்ல யார் நல்லவங்க? ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா போடு" என்று ஆரம்பித்தது நீதான். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கோடு போட்டாய், பரீட்சைத் தாள் திருத்துகிற அதே முகத்தோடு.

நான் பட்டம் விடும் பெண்ணை முதலில் வைத்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்கு மூணு உயிர் இருக்குடி. விழுந்தா மறுபடி எழுந்து வர்றா. மூணு உயிர் இருந்தா நானும்தான் குதிப்பேன். தவளைக்கு ஒரே உயிர். அது தண்ணி ஏறுறப்பவும் கரண்டியக் கீழ வைக்கல. பக்கா ஒண்ணாம் நம்பர்."

"அப்ப குருவி? அது பொய்யே சொல்லாதுல்ல."

"சொல்லத் தெரியாது. தெரியாததுக்கு எதுக்கு மார்க்?"

இப்படியே பேசிப் பேசிக் கடைசி இடத்துக்கு வந்தோம். நான் கண்ணாடி ராஜாவின் பெயரை எழுதப் போனேன். நீ பேனாவைப் பிடுங்கி எருமை என்று எழுதினாய்.

"அரே, வில்லனை விடவா கீழ?"

"அவன் திருடப் போறேன்னு சொல்லிட்டுத் திருடுறான். யாரும் அவனை நம்பித் தூங்கல. இது நிக்கிறேன்னு சொல்லிட்டு ஓடுச்சு. குஞ்சுங்க அதை நம்பித் தூங்கிட்டு இருந்துச்சு."

"பயந்துடுச்சு பாவம். அதுக்கும் ஒரே உயிர்தானே? திரும்பி வந்துச்சே."

"திரும்பி வந்தா ஓடினது இல்லைன்னு ஆயிடுமா?"

நீ சிரிக்காமல் சொன்னாய். தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாய். அன்றிலிருந்து அந்தக் கடைசிப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எருமைமேல் எனக்கு ஏன் அத்தனை பரிவு என்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெரிய அலை, அதுதான் சுனாமி, வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. பஜாரில் கடை அலமாரிகள் சரிந்து விழுந்த சத்தம் என் உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. லாரி போனால்கூட எழுந்து நிற்பேன். கார் நிக்கோபாரில் ஏறித் தப்பிக்க ஒரு மலை கிடையாது, தட்டு மாதிரியான தீவு. அங்கே வேலை என்று உத்தரவு வந்த அன்று உம்மா அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை. நீ போர்ட் பிளேருக்குப் பக்கத்திலிருக்கும் சிப்பிகாட் பெண். "எங்க வயல்ல இப்ப மீன் பிடிக்கிறாங்க" என்று ஒரு தடவை சொன்னாய். கடல் உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்ட வயல். அதற்குமேல் நீ சொன்னதில்லை.

ஆகஸ்டு மழையில் வாசல் படியில் வழுக்கி விழுந்து உன் வலது கால் உடைந்தது. முழங்காலுக்குமேல் வரை மாவுக்கட்டு. பாத்ரூமுக்குப் போகக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவாய். மூன்றாவது வாரம், ஞாயிறு மதியம். நீ கட்டிலில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாய். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் பாத்திரங்கள் பேசின. அப்புறம் தரை பக்கவாட்டில் நகர்ந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. வெளியே யாரோ இந்தியில் "பாகோ, பாகோ", ஓடுங்கள் என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு நான் யோசித்தது ஒன்றுமில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய். கையில் மீன் செதிலோடு, செருப்பில்லாமல், தீவின் உள்பக்கம் போகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நீ கூப்பிட்டாய். "ஜீனத்! ஜீனத்!" என்று இரண்டு தடவை. காதில் விழுந்தது. மற்றவர்களிடம் விழவில்லை என்று சொல்லியிருக்கிறேன். விழுந்தது.

உள்ளே மேட்டில் ஜனங்கள் கூடி நின்றார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் கையைப் பிடித்திருந்தார்கள். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். கால் எழவில்லை. கடல் இருக்கும் திசையைப் பார்த்தபடியே நின்றேன். ஒவ்வொரு காற்றுச் சத்தமும் தண்ணீராகக் கேட்டது. ஆபத்தில்லை என்று போலீஸ் ஜீப் மைக்கில் சொன்ன பிறகுதான் வந்தேன். ஒன்றரை மணி நேரம்.

நீ வீட்டுக்கு வெளியே சேற்றில் உட்கார்ந்திருந்தாய். கட்டிலிலிருந்து விழுந்து, கையை ஊன்றி, வாசல் படிகளைத் தவழ்ந்து கடந்திருக்கிறாய். மாவுக்கட்டு நனைந்து கரைந்திருந்தது. என்னைப் பார்த்து, "தண்ணி வரலையாம்ல?" என்று மட்டும் கேட்டாய்.

நீ திட்டவில்லை. அன்று சாப்பிட்டாய், மறுநாள் மாத்திரை கேட்டாய், என் தோளையே பிடித்துக்கொண்டு நடந்தாய். இப்போது சொல்வாய், இந்தப் படியில் சொல்வாய் என்று காத்திருந்தேன். சமையலறைச் சுவரைப் பார்க்காமல் சமைத்தேன். ஐந்தாம் நாள் முடியவில்லை. பேனாவை எடுத்து எருமையின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி, தாளைக் கிழித்துக்கொண்டு வந்து உன் மடியில் போட்டேன்.

"இப்படி சும்மா இருக்காதே. ஏதாவது சொல்லிடு."

நீ என் கையிலிருந்து பேனாவை வாங்கினாய். எருமைக்கு மறுபக்கம் உன் பெயரை எழுதினாய்.

"எனக்கு ஒரு அத்தை இருந்தாங்க. கண் சரியாத் தெரியாது" என்று ஆரம்பித்தாய். "அலை வந்த அன்னிக்குக் காலைல வயல் வரப்புல அவங்க கையப் பிடிச்சு நடத்திட்டுப் போனது நான்தான். தண்ணி சத்தமே இல்லாம வந்துச்சுடி, பால் பொங்குற மாதிரி. நான் கைய உதறிட்டு ஓடினேன். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பல."

"அத்தை?"

"தப்பிச்சுட்டாங்க. பாக்கு மரத்தக் கட்டிக்கிட்டு நின்னாங்களாம். அன்னிக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'புள்ள என்னை மரத்துக்கிட்ட நிறுத்திட்டு ஆள் கூட்டிட்டு வர ஓடுச்சு'ன்னாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம் இருந்தாங்க. ஒரே வீடு. ஒரு நாள்கூட அதைப் பத்திப் பேசல. எப்ப வாயத் திறப்பாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் வளர்ந்தேன். செத்தப்ப அழுதேன். நிம்மதியாவும் இருந்துச்சு. அலையைவிட அந்த நிம்மதிதான் பயமா இருக்கு."

நீ என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாய்.

"நான் அத்தை மாதிரி பண்ண மாட்டேன். சொல்லிடுறேன், கேட்டுக்கோ. நீ ஓடின. நான் கூப்பிட்டேன். நீ திரும்பல. நான் செத்துடுவேன்னு நினைச்சேன். இப்ப சொல்லியாச்சு. பஸ், அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ரொம்ப நேரம் கழித்து, எருமையை மேலே ஏற்றலாமா என்று கேட்டேன். குழந்தைத்தனமான கேள்விதான். ஆனால் உன் பதில் எனக்கு வேண்டியிருந்தது.

"இல்ல. கடைசிதான். மாத்த மாட்டேன்" என்றாய். "கடைசில இருக்கிறவங்களும் சாப்பிடணும்ல? சலோ, தட்டை எடு."

மூன்று வருஷம் கழித்து இருவருக்கும் மாற்றல் கிடைத்தது. நீ சிப்பிகாட் வீட்டுக்குப் போனாய். நான் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் வாடகைக்கு வீடு பிடித்தேன். பிறகு வயிற்றில் கட்டி என்று உன்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து போன் செய்தாய்.

"வர்றியா? அண்ணன் இருக்கான், அண்ணி இருக்காங்க. அவங்க முன்னாடி என்னால பயப்பட முடியல."

நான் உடனே வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு கேட்கவே இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்பது நாள் பயந்துகொண்டு இருந்தேன். பத்தாம் நாள் விமானம் ஏறினேன். உன் கட்டிலருகே உட்கார்ந்ததும், "லீவு கேட்கவே இல்லடி, பயந்துட்டேன்" என்றேன். "தெரியும்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய்.

பதினொரு நாள் இருந்தேன். நீ பயந்தாய். நானும் பயந்தேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இருவருக்கும் இருக்கவில்லை. கடைசி நாள் காலையில் உன் மூச்சு மாறியதும் வெளியே வராந்தாவுக்கு ஓடிவிட வேண்டும் என்று என் கால்கள் கெஞ்சின. என் கை உன் கைக்குள் இருந்தது.

"உனக்குக் கை நடுங்குது" என்றாய்.

"ஆமா."

"நடுங்கட்டும். விடாத."

விடவில்லை. அதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை. அண்ணன் வந்து என் விரல்களைப் பிரித்தபோதுதான் நீ போய்விட்டது எனக்குத் தெரிந்தது.

போன மாதம் இங்கே காலை வேளையில் ஒரு நடுக்கம். நான் இருப்பது மூன்றாவது மாடி. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் வங்காளி அம்மா, மாஸிமா என்று கூப்பிடுவோம், மூட்டுவலிக்காரர். இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் அவர் நினைவு வந்தது. நின்றேன். கட்டடம் முனகிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி, அவர் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். பதில் இல்லை. கீழே தெருவிலிருந்து அவர் குரல் வந்தது. "அரே ஜீனத், ஊபர் க்யா கர் ரஹீ ஹை? நீச்சே ஆ!" மேலே என்ன செய்கிறாய், கீழே வா என்கிறார். எனக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தார். தெருவே சிரித்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். உன்னிடம் கற்றது இது ஒன்றுதான், அதனால் அதைச் செய்தேன். கார் நிக்கோபார் ஞாயிற்றுக்கிழமையை ஒன்றுவிடாமல் இந்தியில் சொன்னேன். "பூகம்பம் வந்தா நான் முதல்ல ஓடிடுவேன் மாஸிமா. இப்பவும் அப்படித்தான். என்னை நம்பித் தூங்காதீங்க. சத்தமாக் கூப்பிடுங்க, பல தடவை கூப்பிடுங்க, திரும்பி வரப் பார்க்கிறேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டம்ளர் என் கையில் தளும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, தன்னுடைய வீட்டின் இரண்டாவது சாவியை அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.