சல்லடை சொல்லாத காற்று

அல்லி நிலையம், நிலவின் மறுபக்கம்
பதிவு: தில்லைநாயகி, பொறியாளர். இங்கே இருப்பது நான் ஒருத்திதான்.

நாள் 112, 07:10
காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி. சல்லடை மறுபடி தொங்கிவிட்டது.

இதைப் படிக்கப்போகிறவருக்காக: கருவிகள் எழுதித் தள்ளும் வரிகளில் ஆபத்தானதை ரெஜெக்ஸ் என்னும் தேடல் வடிவங்களால் பிடித்து மணியடிக்கும் மென்பொருள்தான் சல்லடை. வரி நீண்டால், இப்படிப் பிரிக்கலாமா அப்படிப் பிரிக்கலாமா என்று கோடி வழிகளில் முயன்று உறைந்துவிடும்; அதைத்தான் தொங்குவது என்கிறோம். உடனே நான் அந்த வரியைக் கண்ணால் படிப்பேன். அதுதான் இங்கே என் பிழைப்பு.

நாள் 115, 09:30
பூமியிலிருந்து சல்லடைக்குத் திருத்தம் வந்தது. கூடவே மென்பொருள் பிரிவுத் தலைவர் ஜெயசீலனின் குரல், பெருமை வழிய:

"மேடம், இனிமே சல்லடை தொங்கவே தொங்காது. ஆயிரம் வரி போட்டு டெஸ்ட் பண்ணிட்டோம், எல்லாமே பாஸ். நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க."

அந்த ஆயிரத்தையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் நாலே சொல். குழந்தைகளின் கையெழுத்துப் பயிற்சி மாதிரி அத்தனை சுத்தம். எந்தக் கருவி ஐயா இப்படி எழுதும்? ஆனாலும் சல்லடை தொங்கவில்லை. மெத்தப் படித்தவர்கள், சாதித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நாள் 118, வெள்ளி, 16:05
காலையிலிருந்து தலைவலி. சல்லடை "ஆபத்து இல்லை" என்கிறது. நம்பாமல் கரியமிலவாயுக் கருவியின் பதிவைத் திறந்தேன். அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு. கருவி அலறியிருக்கிறது, முழ நீளத்துக்கு ஒரே வரியில்.

திருத்தத்தையும் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நேரமானால் தேடலை நிறுத்திவிடு, "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடு. இவ்வளவுதான் அவர்கள் கிழித்தது. ஆபத்து கிடைக்கவில்லை என்றால் ஆபத்தே இல்லையாம். தொங்கிக்கொண்டிருந்தபோதாவது எனக்குத் தெரிந்தது. இதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர்.

காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. மாற்று வடிகட்டி பக்கத்து அறையில். சல்லடை மணியடித்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அதுவும் இந்த மேதாவிகளின் யோசனைதான்.

16:50
கருவியின் வரியை வெட்டிச் சுருக்கி நானே சல்லடைக்குக் கொடுத்தேன்: "கரியமிலவாயு அதிகம். உயிருக்கு ஆபத்து." மணி அடித்தது. பூட்டு சுழன்றது. சிரித்துவிட்டேன். பூட்டு பாதியில் நின்றது. ஜெயசீலனின் குரல்செய்தி வந்தது:

"மேடம், ஒரு அலாரம் வந்துச்சு. பாத்தா நாலே சொல்லு, நம்ம டெஸ்ட் வரி. பழசு எங்கயோ ஒட்டிட்டிருக்கு போல. கேன்சல் பண்ணிட்டேன், பயப்படாதீங்க. இனிமே அந்த மாதிரி வரி வந்தா தானாவே அழிஞ்சிடும். நாங்க கெளம்புறோம், திங்கக்கெழம பேசுவோம்."

17:20
ஜெயசீலனுக்கு எழுதினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், கூடவே திட்டினேன். திட்டாமல் இருக்க முடியவில்லை. பதில் இயந்திரத்திடமிருந்து வந்தது:

"செய்தி கிடைத்தது. அவசரம் எதுவும் காணப்படவில்லை. திங்கட்கிழமை பரிசீலிக்கப்படும்."

அங்கேயும் அதே சல்லடைதான். என் திட்டு நீண்டுவிட்டது.

17:35
"காப்பாற்றுங்கள், எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று மட்டும் அனுப்பினேன். டெஸ்ட் வரி என்று அழித்துவிட்டது. நீளமாக எழுதினால் படிக்காது. சுருக்கமாக எழுதினால் வைத்திருக்காது.

18:
கம்பியால் நெம்பினேன். கதவு அசையவில்லை. பயமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த ஆள் இந்நேரம் வீட்டில் காபி குடித்துக்கொண்டு

எழுத்து மங்கலாக

கண்டெடுத்தவரே, இந்தப் பதிவைச் சல்லடையில் போட்டுவிடாதீர்கள். கண்ணால் படியுங்கள். நான் நீளமாக எழுதிவிட்டேன். அதில் போட்டால் இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று