ஏழுமலை கொடுத்த பாடு

25 நவம்பர், செவ்வாய்

பழவேற்காட்டில் தங்கை செல்வியின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று நான் வாய் திறவாமல் இருந்திருந்தால், நாளை அவள் கணவர் ஏரிக்குப் போயிருப்பார்.

ஏரியில் வலை விரிக்க ஊர் ஒதுக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். கால் முறிந்து படுத்திருந்ததால், மாப்பிள்ளைக்கு முன்பு வந்த பாடு வீணாகிவிட்டது; இப்போதுதான் தேறியிருக்கிறார். இன்றைய ஊர்க்கூட்டத்தில் அதே ஊர் மீனவர் ஏழுமலை எழுந்து, நாளைக்குரிய தம் பாட்டை அவருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். அனைவரும் தலையசைத்தார்கள். பின்னால் சிக்கல் எழக்கூடாதே என்று, இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடலாம் என்றேன்.

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா வக்கீலே, ஊரு முன்னாடி சொன்னது பத்தாதா? நாளைக்கு இல்லேன்னு சொல்லிடுவேன்னு பாக்குறியா? என் பாட்டுல நானே வலை போட்டுக்குறேன், போ!”

மாலையில் படகுத்துறைக்குச் சென்றேன். “நான் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருந்தா, வருத்தப்படுறேன்” என்றேன்.

“இருந்தாவா? மன்னிப்பு கேக்கறதுக்கும் வாய்தா வாங்குறியேப்பா!” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், முடிவை மாற்றவில்லை.

மாப்பிள்ளை பல நாளாகச் செப்பனிட்டு வைத்திருந்த வலையைச் செல்வி சுருட்டி உள்ளே வைத்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.

“சாப்டுண்ணா. காலைல மொத பஸ்ஸுக்குப் போவணுமில்ல” என்றாள்.

ஞாயிறு வரை தங்குவதாகச் சொல்லித்தான் வந்திருந்தேன்.