டீ நேரத்துக் கிளிக்குகள்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தானா என்று கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். இங்கே உன் அக்காவும் நானும் நலம். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. சர்க்கரை நோயால் பாதம் புண்ணானவர்களுக்கு ஷூ செய்கிற வேலை, அது எங்கே குறையப்போகிறது? இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீதான் அக்கா நம்பரோடு சேர்த்து என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாயே. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா?

நீ அக்காவோடு பேசி ஏழு வாரம் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது, "சொந்தத் தம்பி வயித்துல அடிச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. விதிப்படிதான் நடந்தது என்று மட்டும் அவள் சொன்னாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அந்த நிமிஷமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இப்போது திறக்கிறேன். உன் ஆப்பில் விளம்பரங்கள் நின்றுபோனதற்குக் காரணம் அவள் இல்லையடா. நான்.

நீ வேலையை விட்டுவிட்டு, எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற அந்த ஆப்பைச் செய்தாய் அல்லவா? அடியில் வருகிற விளம்பரத்தை யாராவது தொட்டால்தான் உனக்குக் கொஞ்சம் காசு விழும், நாள் முழுக்கப் பத்துப் பேர்கூடத் தொடுவதில்லை என்று சுருதி இறங்கிப்போய்ச் சொன்னாய். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பதினொன்று பத்துக்கு டீ வந்ததும் பட்டறை ஆட்களிடம், "என் மச்சானுக்கு ஆளுக்கொரு கை குடுங்கப்பா" என்றேன். தோல் வெட்டுபவர், தையல்காரர்கள் இருவர், தோலைக் கால் அச்சில் ஏற்றுபவர், பசை போடுபவர், நான். ஆறு பேரும் ஒரு கையில் டீ, மறு கையில் போன். பெரும்பாலும் ஏதோ நாற்காலி விளம்பரம்தான் வரும். தொடுவோம், திறக்கும், மூடுவோம், மறுபடி தொடுவோம். பசைக்காரருக்கு விரலெல்லாம் பசை, அவர் முழங்கையாலேயே தட்டுவார். கால் மணி நேரத்தில் இருநூறு கிளிக்!

அடுத்த வாரம் நீ கூப்பிட்டு, "அத்தான், கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுது! ஜனங்களுக்கு நம்ம ஆப் பிடிச்சுப்போச்சு!" என்று குதித்தாய். நானும் வெட்கமே இல்லாமல் உனக்கு வாழ்த்துச் சொன்னேன். பாவி நான்.

உன் அக்காவின் வேலை என்னவென்று இத்தனை வருஷமாக எனக்குச் சரியாகத் தெரியாது. விளம்பரம் போடுகிறவர்களின் காசை யாரும் ஏமாற்றிப் பிடுங்காமல் பார்த்துக்கொள்கிறாள் என்ற அளவில்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். முதுகுவலிக்காரர்களுக்கு நாற்காலி செய்து விற்கிற ஒரு புருஷன் பெண்டாட்டி. சின்னத் தொழில். விளம்பரத்தை யார் தொட்டாலும் அதற்குக் காசு கொடுப்பது அவர்கள்தான். செல்போன் விளம்பரத்துக்கென்று ஒரு நாளைக்கு அவர்கள் ஒதுக்கிய காசு பதினொன்றரைக்குள் காலியாகிவிடுகிறதாம். ஆயிரம் பேர் தொட்டும் ஒரு நாற்காலிகூட விற்கவில்லை. அதற்குப் பிறகு நாளெல்லாம், நிஜமாகவே முதுகு வலிக்கிறவர் கண்ணில் விளம்பரம் படுவதே இல்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அந்த அம்மா சொன்னாராம்.

எட்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன் அக்கா அந்த கிளிக்குகளைப் பார்த்திருக்கிறாள். வலி உள்ளவன் நாற்காலியைப் பார்த்தால் கீழே இழுப்பான், விலை பார்ப்பான், யோசிப்பான், போய்விட்டுத் திரும்பி வருவானாம். இரண்டே நொடியில் மூடிவிட்டுப் போக மாட்டானாம். இவை எல்லாம் ஒரே இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்து இரண்டே நொடியில் மூடிப்போனவை. எந்த ஆப் என்று பெயர் தெரியாது, வெறும் நம்பர்தான் அவளுக்குத் தெரியுமாம். கூட வேலை பார்ப்பவர்கள் ஏதோ மெஷின் வேலை என்று ஒரே பிடியாகச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் பதினொன்று பத்துக்கு ஆரம்பித்து இருபத்தைந்துக்கு முடிகிறது. ஒரு நாள் மட்டும் அரைமணி தாமதம். ஞாயிற்றுக்கிழமை எதுவுமே இல்லை. "மெஷினுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை? இவங்க டீ குடிக்கிறாங்க" என்றாள்.

எனக்குப் புரை ஏறிவிட்டது. அவள்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தாமதம் டீக்கடைக்காரர் வண்டி பஞ்சரான நாள் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்!

மறுநாள் பட்டறையில் எல்லாரையும் போனை உள்ளே வைக்கச் சொன்னேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். என் மூளையைப் பார்த்தாயா? அந்த டீ சந்தேகத்தை அவள் நம் வீட்டில் தவிர வேறெங்கும் சொல்லவே இல்லை. சொன்ன மறுநாளே கிளிக் நின்றால் அவளுக்குப் புரியாதா? அன்று சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இன்னிக்கு நீங்க டீ குடிக்கலையா?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுதாள். "அவன் அவ்வளவு சந்தோஷமா கூப்பிட்டானே, அந்த ஜனம் பூரா நீங்கதானா?" என்று கேட்டு அழுதாள்.

கிளிக்குகள் நின்றுவிட்டன. அவள் கம்மென்று இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கூட அப்படி விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவளோ மறுநாள் காலையில் நேராக மேனேஜரிடம் போய், தட்டியது என் புருஷன், ஆப் என் தம்பியுடையது, இனி இதை நான் தொடக்கூடாது என்று சொல்லி, வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கிறாள். உன் ஆப்புக்கு விளம்பரம் தருவதே அவள் கம்பெனிதான் என்பதால், விசாரணை முடியும்வரை அவற்றை நிறுத்தினார்கள். தம்பி என்று அவள் சலுகை கேட்கவில்லை. ஆனால் என்னை விட்டாளா? நீயே ஆள்வைத்துத் தட்டினாய் என்று முடிவானால் உன் ஆப்புக்கு வாழ்நாள் தடை. அதனால் ஆறு போன்களையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் ஆபீசுக்கு நானே போய், உனக்கு எதுவும் தெரியாது என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். முழங்கைக் கதையைச் சொன்னபோது மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நாற்காலிக்காரர்களுக்குப் போன காசு திரும்பிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனால் அந்த அம்மா திட்டாமல் உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அக்கா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. "உங்க மேல அவன் மலை மாதிரி மரியாதை வச்சிருக்கான். அது போச்சுன்னா திரும்ப வராது. அக்காவைத் திட்டுறவன் நாலு நாள்ல தானா வந்துடுவான்" என்றாள். நாலு நாள் ஏழு வாரமாகிவிட்டது. அவள் கணக்கு தப்பி நான் பார்த்தது இந்த ஒரு தடவைதான்.

நேற்று விசாரணை முடிந்தது. உன் மேல் தப்பில்லை, திங்கட்கிழமை முதல் விளம்பரங்கள் வரும். உனக்கும் கடிதம் வந்திருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கிளிக்குகளை எல்லாம் கழித்த பிறகும், தினமும் முந்நூற்று நாற்பது பேர் உன் ஆப்பைத் திறந்து பஸ் நேரம் பார்க்கிறார்களாம். போனவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களாம். விசாரித்தவரே சொல்லியிருக்கிறார். உன் அக்கா இதை என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் சிரித்தாள்.

அந்த முந்நூற்று நாற்பதில் அவளும் ஒருத்தி. தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று உன் ஆப்பைத்தான் திறப்பாள். விளம்பரம் வந்த நாளிலும் சரி, வராத நாளிலும் சரி, கட்டை விரலை மடக்கிக்கொண்டு போனின் மேல் ஓரத்தைத்தான் பிடிப்பாள். ஏன் இப்படிப் பிடிக்கிறாய் என்று இன்று கேட்டேன். "தெரியாமக்கூட என் கை பட்டுடக் கூடாது. அவன் ஜெயிச்சா அது அவனே ஜெயிச்சதா இருக்கணும்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். எனக்குத்தான் அங்கிருந்து நகர முடியவில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அக்கா என்று ஒரு வார்த்தை சொல், போதும். நீ நன்றாக இருப்பாய்.

இப்போது டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற
உன் அத்தான்